விழுந்த வால்மீன் கற்பித்த பாடம்

விமானத்தில் பயணம் செய்யும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமானால், ஜன்னலுக்கு வெளியே மேகங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஜன்னலையே ஒரு முறை உற்றுப் பாருங்கள். நம் வீட்டு ஜன்னலுக்கு நான்கு மூலைகள் உண்டு. பேருந்து ஜன்னலுக்கும் ரயில் ஜன்னலுக்கும் அப்படியே. விமானத்தின் ஜன்னலிலோ மூலை என்று சொல்லத்தக்க இடமே இராது. எல்லாப் பக்கமும் வளைந்து, ஏறத்தாழ முட்டை வடிவில் அமைந்திருக்கும். இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஐம்பத்தாறு பேரின் உயிர் அந்த வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, 'தகைவு' என்னும் பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இக்கதையைச் சொல்லாமல் மேலே செல்ல முடிவதில்லை. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் ஒரு கருத்து, உலகத்திற்கு எவ்வளவு விலையுயர்ந்த பாடமாக வாய்த்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விசிறி இல்லாத விமானம்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பறந்த விமானங்கள் ஏறத்தாழ அனைத்தும் சுழலும் விசிறிகளால் உந்தப்பட்டவை. விசிறி காற்றைப் பின்னே தள்ளுகிறது; அதன் எதிர்விளைவாக விமானம் முன்னே செல்கிறது. ஆனால் வேகம் கூடக் கூட விசிறியின் திறன் குறைந்துவிடும். இதற்கு மாற்றாகத் தாரைப் பொறி, அதாவது ஜெட் எஞ்சின், தோன்றியது. காற்றை உள்ளே இழுத்து, அமுக்கி, எரிபொருளுடன் எரித்து, சூடான வாயுத் தாரையாகப் பின்புறம் பீய்ச்சுவது இதன் தத்துவம். ஜெர்மனியில் 1939-ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1941-ஆம் ஆண்டிலும் முதல் ஜெட் விமானங்கள் பறந்தன. அவை சோதனை விமானங்கள்.

போர் முடியுமுன்பே, அமைதிக் காலத்துக்கு எத்தகைய பயணிகள் விமானங்கள் வேண்டும் என்பதை ஆராய்வதற்கு, பிராபசோன் பிரபுவின் தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழு பரிந்துரைத்த வகைகளுள் ஒன்று ஜெட் விமானம். அதை உருவாக்கும் பொறுப்பை டி ஹாவிலண்ட் என்னும் கம்பெனி ஏற்றது. தலைமை வடிவமைப்பாளர் ரொனால்டு பிஷப். விமானத்திற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'காமெட்'. தமிழில் சொன்னால் வால்மீன்.

1949-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், ஹாட்ஃபீல்டு என்ற ஊரில் காமெட் முதன்முதலாக வானில் எழுந்தது. 1952-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவிலுள்ள ஜோஹன்னஸ்பர்க் நகருக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை இதுவே. இடையில் ஐந்து இடங்களில் இறங்கி ஏறியும், ஒரு நாளைக்குள் பயணம் முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் காமெட் சேவை கராச்சி, பம்பாய் வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அக்டோபரில் சிங்கப்பூர். மறு ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ.

முப்பத்தாறு பயணிகள், நான்கு பொறிகள், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். மற்ற விமானங்கள் மேகங்களினூடே குலுங்கிக்கொண்டிருக்கையில், காமெட் 12,000 மீட்டர் உயரத்தில், மேகங்களுக்கெல்லாம் மேலே, அசைவின்றிச் சென்றது. ஆடாத மேசை மீது நாணயத்தை நிறுத்தி வைக்கலாம் போன்ற பயணம் என்று மக்கள் வியந்தனர். அமெரிக்காவிடம் அப்போது பறக்கும் பயணிகள் ஜெட் ஒன்றுகூட இல்லை.

உயரத்தின் விலை

ஜெட் விமானம் ஏன் அவ்வளவு உயரம் செல்ல வேண்டும்? கீழே காற்று அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு விரைவதற்கு எரிபொருள் ஏராளமாகச் செலவாகும். மேலே காற்று மெலிந்தது, தடை குறைவு. அங்கே பறந்தால்தான் ஜெட் பொறிக்குக் கட்டுபடியாகும்.

ஆனால் மெலிந்த காற்றில் மனிதன் உயிர் வாழ முடியாது. 12,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே விமானத்தின் உடற்கூட்டைக் காற்றுப் புகாதபடி மூடி, உள்ளே அழுத்தத்தை உயர்த்தி வைக்க வேண்டும். காமெட்டின் உள்ளே, 2,400 மீட்டர் உயர மலை மேல் இருக்கும் அழுத்தம் நிலவியது. உதகமண்டலத்தைவிடச் சற்று உயரமான இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.58 கிலோகிராம் எடை.

அரைக் கிலோதானே என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள தகட்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். அரை டன்னுக்கும் அதிகமான விசை அதை வெளியே தள்ளுகிறது! அதற்கு முன் எந்தப் பயணிகள் விமானமும் இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியதில்லை. தாங்கிய தகடோ, எடையைக் குறைப்பதற்காக ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியதாக வைக்கப்பட்ட அலுமினியக் கலப்புலோகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விமானம் மேலே ஏறும்போது உடற்கூடு சிறிது விரிகிறது. இறங்கும்போது பழைய நிலைக்குச் சுருங்குகிறது. ஒவ்வொரு பயணமும் ஒரு மூச்சு. நம் மார்புக்கூடு போலவே விமானமும் மூச்சு விடுகிறது. அந்த மூச்சுகளுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதுதான் இக்கதையின் சாரம்.

அடுத்தடுத்து விபத்துகள்

1952 அக்டோபரில் ரோம் நகரில் ஒரு காமெட் தரையை விட்டு எழ முடியாமல் ஓடுபாதையைக் கடந்து நின்றது. உயிர்ச்சேதமில்லை. 1953 மார்ச்சில் கராச்சியில் அதே போன்ற விபத்தில் பதினொருவர் இறந்தனர். விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் உயர்த்தினால் இறக்கைகள் தூக்குவிசையை இழப்பது தெரியவந்து, இறக்கையின் முன்விளிம்பு திருத்தப்பட்டது.

1953 மே 2-ஆம் நாள். முதல் சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு. கல்கத்தாவின் டம் டம் நிலையத்திலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட காமெட், ஆறு நிமிடங்களில் இடிமழைக்குள் நொறுங்கி விழுந்தது. 43 பேர் மாண்டனர். நம் நாட்டில் அமைக்கப்பட்ட விசாரணை மன்றம், புயற்காற்றின் வேகத்தால் விமானத்தின் அமைப்பு வானிலேயே முறிந்தது என்று முடிவு செய்தது.

1954 ஜனவரி 10-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு காமெட் ரோமிலிருந்து லண்டனுக்கு எழுந்தது. வானம் தெளிவாக இருந்தது. சுமார் இருபது நிமிடம் கழித்து, விமானத் தலைவர் வேறொரு விமானத்துடன் வானொலியில் பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. எல்பா தீவுக்கருகே கடலில் சிதைவுகள் விழுவதை மீனவர்கள் கண்டனர். 35 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விழுந்தது எந்த விமானம் தெரியுமா? 1952 மே 2-ஆம் நாள் உலகின் முதல் ஜெட் சேவையை நடத்திய அதே விமானம்தான்.

உடனே காமெட்டுகள் நிறுத்தப்பட்டன. பொறியாளர்கள் கூடி ஆராய்ந்தனர். தீப்பிடித்திருக்கலாம்; பொறியின் சுழலித் தகடு உடைந்து உடற்கூட்டைத் துளைத்திருக்கலாம். இப்படித் தோன்றிய காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டன. உண்மைக் காரணம் மட்டும் தெரியவில்லை. இருந்தும் மார்ச் 23-ஆம் நாள் காமெட் மீண்டும் பயணிகளை ஏற்றியது. பதினாறே நாட்களில், ஏப்ரல் 8 அன்று, ரோமிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற காமெட் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர் இறந்தனர்.

நோய் இன்னதென்று அறியாமல் ஐம்பது மருந்துகளைக் கொடுத்த கதையாயிற்று. இந்த இருபத்தொரு உயிர்கள் காமெட் வரலாற்றின் மிக வேதனையான பகுதி. முதல் விபத்து அறியாமையால் நேர்ந்தது. இரண்டாவது, அறியாமையை அறிந்தும் பொறுக்காமல் பறந்ததால் நேர்ந்தது.

தொட்டிக்குள் ஒரு விமானம்

காமெட்டின் பறக்கும் தகுதிச் சான்று பறிக்கப்பட்டது. எவ்வளவு பணமும் ஆளும் செலவானாலும் மர்மத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டுமென்று பிரதமர் சர்ச்சில் ஆணையிட்டார். ஃபார்ன்பரோ நகரிலுள்ள அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஆர்னால்டு ஹால் இப்பணியை ஏற்றார்.

நேப்பிள்ஸ் கடல் மிக ஆழமானது. அங்கே தேட வழியில்லை. எல்பா அருகே, நூறு மீட்டருக்கு மிகுந்த ஆழத்தில், கடற்படையினர் தொலைக்காட்சிக் காமிராக்களை நீருக்குள் இறக்கித் தேடி, சிதைவுகளைத் துண்டு துண்டாக மீட்டனர். ஃபார்ன்பரோவில் ஒரு பெரிய கொட்டகையில், மரச்சட்டங்களின் மேல் அத்துண்டுகள் உரிய இடங்களில் பொருத்தப்பட்டன. வால் பகுதியில் பயணிகள் அறையின் தரைவிரிப்புத் துணுக்கு சிக்கியிருந்தது. இறக்கையின் மேல் உடற்கூட்டின் வண்ணப்பூச்சு கீறலாகப் படிந்திருந்தது. வால் உடைவதற்கு முன்பே, இறக்கை உடைவதற்கு முன்பே, பயணிகள் அறை வெடித்திருக்கிறது! இறந்தோரின் உடல்களைச் சோதித்த இத்தாலிய மருத்துவரும் அழுத்தம் திடீரென இறங்கியதற்கான அடையாளங்களை நுரையீரல்களில் கண்டிருந்தார்.

ஆனால் அறை ஏன் வெடித்தது? இதை அறிய, பல நூறு தடவை பறந்திருந்த ஒரு காமெட்டை ஹால் முழுதாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். இறக்கைகள் மட்டும் தொட்டியின் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். உள்ளே மேலும் நீரைச் செலுத்தி, வானத்தில் இருக்கும் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குவார்கள், பிறகு தணிப்பார்கள். அதே நேரத்தில் இறக்கைகளை எந்திரங்கள் மேலும் கீழும் வளைத்தன. ஒரு முழுப் பயணத்தின் உழைப்பைச் சில நிமிடங்களில் விமானம் அனுபவித்துவிடும். இரவும் பகலும் இது நடந்தது.

காற்றுக்குப் பதில் தண்ணீர் எதற்கு? ஒரு பலூனில் காற்றை நிரப்பி ஊசியால் குத்துங்கள். படீரென்று சிதறும், எங்கே கிழியத் தொடங்கியது என்றே தெரியாது. இன்னொரு பலூனில் தண்ணீரை நிரப்பிக் குத்துங்கள். கிழிந்து தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான். காற்று அமுங்கும் தன்மையுடையது. அமுங்கிய காற்றில் பெரும் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் ஏறத்தாழ அமுங்காதது. அதில் சேமித்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே உடற்கூடு உடைந்தாலும் உடைந்த இடம் சிதையாமல் நமக்குக் கிடைக்கும். எளிய கருத்து; ஆனால் எவ்வளவு நுட்பமானது!

1954 ஜூன் மாத இறுதியில் தொட்டியின் அழுத்தமானி திடீரென இறங்கியது. நீரை வடித்துப் பார்த்தார்கள். உடற்கூட்டில் பல அடி நீளத்துக்குப் பிளவு. அது ஒரு திறப்பின் மூலையில் தொடங்கியிருந்தது. பறந்த பயணங்களையும் தொட்டிப் பயணங்களையும் சேர்த்து அந்த விமானம் விட்ட மூச்சுகள் 3,057.

ஆகஸ்டில் எல்பா கடலில் மீன்பிடி வலையில் சிக்கிவந்த ஒரு தகடு, ஐயத்தை அடியோடு நீக்கியது. அது விமானக் கூரையில், வானொலித் திசைகாட்டியின் அலைவாங்கிக்காக வெட்டப்பட்ட திறப்பைச் சுற்றியிருந்த பகுதி. அங்கேயும் மூலையருகே, ஆணித் துளை ஒன்றை ஒட்டியே விரிசல் தொடங்கியிருந்தது. பயணிகளின் ஜன்னல் சதுரமாக இருந்ததால் காமெட் விழுந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கியது கூரையில்தான். எனினும் குற்றவாளி ஒருவனே: திறப்பின் மூலை.

அடிமேல் அடி

உங்கள் கையில் ஒரு கட்டுக்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து அறுக்க முயலுங்கள். முடியாது. அதையே இப்படியும் அப்படியும் இருபது தடவை மடக்குங்கள். தானே முறிந்துவிடும். ஒரே தடவையில் முறிக்கப் போதாத விசை, பல தடவை திரும்பத் திரும்பச் செயற்படும்போது முறித்துவிடுகிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சொன்னது உலோகத்திற்கும் பொருந்தும்.

மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் வாக்கு. அது சுமை மிகுவதால் வரும் முறிவு. சோர்வு அதனினும் வஞ்சகமானது. இங்கே சுமை அளவை மிஞ்சுவதே இல்லை. அளவுக்கு உட்பட்ட சுமையே, எண்ணிக்கையால் கொல்கிறது.

சோர்வு அப்போது புதிய கண்டுபிடிப்பன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரயில் அச்சுகள் காரணமின்றி முறிவதைக் கண்டு, வோலர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து விதிகளை வகுத்திருந்தார். விமான இறக்கைகளுக்குச் சோர்வு உண்டென்பதையும் பொறியாளர்கள் அறிந்திருந்தனர். ஆனால் உடற்கூட்டின் தகடு, சில ஆயிரம் மூச்சுகளிலேயே சோர்ந்துவிடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்க்காததற்குக் காரணத்தைக் கணக்கிலேயே காணலாம். உருளை வடிவக் கூட்டில் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தகட்டின் கனத்தால் வகுத்தால் தகைவு கிடைக்கும். தகைவு என்பது உலோகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் இழுவிசை. அழுத்தம் 0.58, ஆரம் தோராயமாக 150 செ.மீ.; கனம் ஏறத்தாழ 0.1 செ.மீ. ஆகத் தகைவு 870 கிலோகிராம். அந்தக் கலப்புலோகம் அறுபடுவதற்கோ 4,500 கிலோகிராம் வேண்டும். ஐந்து மடங்கு வலிமை இருக்கிறதே, பயமென்ன?

பயம் மூலையில் இருந்தது. ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு வெட்டுப் போடுவார். பிறகு இரு கைகளாலும் இழுத்தால் துணி சரேலென்று கிழிந்துவிடும். அவர் இழுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் குவிகிறது. ஆற்றுநீர் பாலத்துத் தூணை வளைத்து ஓடும்போது தூணின் விளிம்பில் நெருக்கியடித்து விரைவதைப் போல, தகட்டில் ஒரு திறப்பு இருந்தால் தகைவு அதன் விளிம்பில் நெருக்கியடிக்கிறது. இதை 1913-லேயே இங்கிலிஸ் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கணக்கிட்டுவிட்டார். வட்டமான துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்கு. அகலத்தைப் போல் இரு மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளையின் கூரிய முனையில் ஐந்து மடங்கு. முனை எவ்வளவு கூர்மையோ, தகைவு அவ்வளவு அதிகம்.

ஃபார்ன்பரோவில் அளந்து பார்த்தபோது, காமெட்டின் திறப்புகளின் மூலையில் தகைவு உலோகத்தின் உச்ச வலிமையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியிருந்தது தெரிந்தது. அந்த இடத்தில் ஆணித் துளைகள் வேறு. பிறகு விரிசலுக்கு என்ன குறை?

ஏமாற்றிய சோதனை

அப்படியானால் கம்பெனி சோதனையே செய்யாமல் விமானத்தை விற்றுவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. என் மாணவர்களை எப்போதும் சிந்திக்க வைக்கும் பகுதி இதுதான்.

வழக்கமான அழுத்தத்தைப் போல் இரு மடங்கை உடற்கூடு தாங்க வேண்டும் என்பது அன்றைய விதி. டி ஹாவிலண்ட் பொறியாளர்கள் இரண்டரை மடங்குக்கு வடிவமைத்தனர். உடற்கூட்டின் ஒரு மாதிரிப் பகுதியைச் செய்து, அதை இரு மடங்கு அழுத்தம் வரை ஏற்றிப் பார்த்தனர். தாங்கியது. 1953-ல் சோர்வைப் பற்றிய ஐயம் எழுந்தபோது, அதே மாதிரியை மீண்டும் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தினர். முன்னும் பின்னுமாக மொத்தம் 18,000 தடவை தாங்கிய பிறகே அது முறிந்தது. ஒரு விமானம் தன் ஆயுள் முழுவதும் பறந்தாலும் பத்தாயிரம் தடவை அளவுக்குத்தான் பறக்கும். ஆகவே சோர்வைப் பற்றிக் கவலையில்லை என்று முடிவு கட்டினர். எல்பா விபத்துக்குப் பிறகும் அவர்கள் சந்தேகம் உடற்கூட்டின் மேல் விழாததற்கு இந்த 18,000 என்ற எண்ணும் ஒரு காரணம்.

ஆனால் எல்பா விமானம் 1,290 பயணங்களில் முறிந்தது. நேப்பிள்ஸ் விமானம் 900 பயணங்களில். தொட்டி விமானம் 3,057-ல். மாதிரி மட்டும் 18,000 வரை எப்படித் தாங்கியது?

விடை வியப்பானது. இரு மடங்கு அழுத்தத்தை ஏற்றியபோது, மூலையில் இருந்த உலோகம் மட்டும் மீள்தன்மை எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தத்தை இறக்கியதும், சுற்றியிருந்த உலோகம் பழைய அளவுக்குச் சுருங்கியது. சுருங்கும்போது, நீண்டுவிட்ட அந்தச் சிறு பகுதியை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. கொல்லன் பட்டறையில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சி மாட்டிய பட்டா ஆறிச் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்குமே, அதுபோல. இழுவிசையால் விரிசல் காண வேண்டிய மூலை, இப்போது அமுக்கத்தில் இருக்கிறது. அடுத்து வரும் இழுவிசை முதலில் இந்த அமுக்கத்தை ஈடுசெய்த பிறகே மூலையை இழுக்க முடியும். ஆகவே மாதிரியின் ஆயுள் பல மடங்கு நீண்டது.

பயணிகளை ஏற்றிய விமானங்கள் எதுவும் அத்தகைய இரு மடங்கு அழுத்தத்தைக் கண்டதில்லை. அவற்றின் மூலைகளுக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. வலிமையைச் சோதிக்கச் செய்த முதற்சோதனையே மாதிரியை வலிமையாக்கிவிட்டது. இரண்டாவது சோதனை பொய் சொல்லிவிட்டது. சோதித்தவர்கள் நேர்மையானவர்கள். கருவிகள் சரியானவை. எண்ணும் சரியான எண். ஆனால் சோதித்த பொருளும் பறந்த பொருளும் ஒன்றல்ல.

ஜெட் யுகத்துக்கு விட்டுச் சென்ற சொத்து

1954 அக்டோபரில் கோஹன் பிரபுவின் தலைமையில் லண்டனில் பகிரங்க விசாரணை நடைபெற்றது. ஃபார்ன்பரோ கண்டறிந்தவை யாவும் வெளியிடப்பட்டன. போட்டிக் கம்பெனிகளும் அவற்றைப் படித்தன. மறைத்திருந்தால் டி ஹாவிலண்டின் மானம் ஒருவேளை பிழைத்திருக்கலாம். அடுத்த விமானங்களின் பயணிகள் பிழைத்திருக்க மாட்டார்கள்.

காமெட் 1 மீண்டும் வணிகச் சேவைக்குத் திரும்பவில்லை. கனமான தகடும் வட்டமான திறப்புகளும் கொண்டு பிறந்த காமெட் 4, 1958 அக்டோபர் 4-ஆம் நாள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே முதல் ஜெட் சேவையை நடத்தியது. ஆனால் நான்காண்டுகள் கடந்துவிட்டன. ரஷ்யாவின் டூபலெவ் 104 விமானம் 1956-லேயே சேவைக்கு வந்துவிட்டது. மூன்றே வாரங்களில், அக்டோபர் 26-ஆம் நாள், அமெரிக்காவின் போயிங் 707 களமிறங்கியது. காமெட் 4-ஐவிட வேகம் மிகுந்தது; அதைவிடப் பலரை ஏற்றியது. அதன் பொறிகள் காமெட்டில் உள்ளதுபோல் இறக்கையின் அடியிற் புதைந்திராமல், இறக்கைக்குக் கீழே தனித்தனியே தொங்கின. தீப்பிடித்தாலும் உடற்கூட்டுக்கு எட்டத்தில் இருக்கும். பழுது பார்ப்பதும் எளிது. இன்றைய பெரிய விமானங்கள் பின்பற்றுவது இந்த அமைப்பைத்தான். நம் ஏர் இந்தியாவும் 1960-ல் போயிங் 707-ஐ வாங்கியது. எல்லா வகையும் சேர்த்துக் கட்டப்பட்ட காமெட்டுகள் 114 மட்டுமே.

ஆகவே தோற்றத்தில் காமெட்டின் வாரிசு எதுவும் இன்று பறக்கவில்லை. 1964-இலிருந்து இந்தியன் ஏர்லைன்ஸ் நம் நகரங்களுக்கிடையே ஓட்டிய பிரெஞ்சு காரவெல் விமானத்தின் மூக்கு, காமெட்டின் மூக்கு வடிவமே என்பது ஒரு சுவையான செய்தி. இராணுவக் கண்காணிப்புக்காகக் காமெட்டிலிருந்து உருவான நிம்ராட் விமானங்களும் 2011-இல் ஓய்வு பெற்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சொத்து வேறு.

முதலாவது, சோர்வுச் சோதனைக்கென்று ஒரு முழு விமானத்தைத் தனியே ஒதுக்குவது. வலிமைச் சோதனையில் அடிபட்ட மாதிரியைச் சோர்வுச் சோதனையில் கணக்கில் கொள்ளலாகாது. ஒரே வகை விமானங்களில் ஒன்று 900-இலும் மற்றொன்று 3,057-இலும் முறிந்தனவே! ஆகவே சோதனையில் தாங்கிய எண்ணிக்கையில் ஒரு பகுதியைத்தான் பறப்பதற்கு அனுமதிக்க வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

இரண்டாவது, விரிசல் வரவே வராது என்று நம்பாமல், வந்தாலும் விமானம் விழாதபடி அமைப்பது. உடற்கூட்டின் உட்புறம் இடையிடையே உலோகப் பட்டைகளைப் பொருத்தினார்கள். ஓடிவரும் விரிசல் பட்டையில் மோதி நின்றுவிடும். அடுத்த பரிசோதனையில் கண்ணில் படும்.

மூன்றாவது, கறுப்புப் பெட்டி. காமெட் விபத்துகளை ஆராய்ந்த கூட்டங்களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரனும் இருந்தார். அவருடைய தந்தை 1934-ல் விமான விபத்தில் இறந்தவர். விமானிகளின் கடைசிப் பேச்சும் கருவிகள் காட்டிய அளவுகளும் பதிவாகியிருந்தால் இவ்வளவு தேட வேண்டியதில்லையே என்று அவர் எண்ணினார். அந்த எண்ணமே இன்று ஒவ்வொரு பயணிகள் விமானத்திலும் உள்ள பதிவுக் கருவியாயிற்று.

பாடம் முடியவில்லை

காமெட்டோடு உலோகச் சோர்வு ஒழிந்ததென்று நினைத்துவிட வேண்டாம். 1985-ல் ஜப்பானில், பின்புற அழுத்தச் சுவரை முறைப்படி பழுது பார்க்காத ஒரு போயிங் 747 விமானம் சோர்வால் சேதமடைந்து விழுந்தது. 520 பேர் இறந்தனர். 1988-ல் ஹவாய் தீவுகளில் 89,680 தடவை பறந்திருந்த ஒரு போயிங் 737-இன் கூரை, நடுவானில் பல அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானப் பணிப்பெண் ஒருவர் மாண்டார். மற்ற அனைவரும் உயிரோடு தரையிறங்கினர். அந்த விமானத்தில் விரிசலை நிறுத்தும் அமைப்பு இருந்தது. ஆனால் ஆணித் துளைகள் வரிசையில் ஒன்றல்ல, எத்தனையோ சிறு விரிசல்கள் ஒருங்கே வளர்ந்து கைகோத்துக்கொண்டன. பழைய விமானங்களை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் கடுமையான முறைகள் அதன் பிறகு வந்தன. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு விபத்து நிற்கிறது.

மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் நீங்களும் அளவீடுகள் செய்கிறீர்கள். விடை எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் குறிப்பேட்டை மூடிவிடுகிறோம். அப்போது காமெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அளந்தது, அறிய விரும்பிய பொருளைத்தானா? அளக்கும் செயலே அதை மாற்றிவிட்டதா? இந்த இரண்டு கேள்விகளையும் 1953-ல் ஒருவர் கேட்டிருந்தால், எல்பா விமானத்தின் முப்பத்தைந்து பேரும் நேப்பிள்ஸ் விமானத்தின் இருபத்தொரு பேரும் வீடு திரும்பியிருக்கக்கூடும்.

இனி விமானத்தில் ஏறினால், அந்த வளைந்த ஜன்னலின் ஓரத்தை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள்.